மூன்று ஹை கெயின் ஆம்ப், ஒரே கேபினெட்: டோனை ஒழுங்காக ஒப்பிடும் முழு வழிகாட்டி

இரண்டு ஆம்பை ஒப்பிடுகிறோம் என்று நாலு பேர் கூடினால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் முதல் ஆம்பில் செருகி இரண்டு நிமிடம் வாசிப்பார், கேபிளை உருவி அடுத்ததில் செருகுவார், எல்லா நாப்களையும் நடுவில் நிறுத்துவார், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுவார், "இதுதான்டா டோன்" என்பார். அவர் தேர்ந்தெடுத்தது நல்ல டோனை அல்ல, சத்தமாக இருந்ததை.

நானும் அப்படித்தான் பல வருடம் ஒப்பிட்டேன். கீழே இருக்கும் வரிசை, தப்பு செய்து தப்பு செய்து கடைசியில் நிலைத்த ஒன்று. படிகளை இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடித்தளம். உதாரணத்துக்கு மூன்று ஹை கெயின் ஆம்ப்களை, அதாவது டிஸ்டார்ஷன் அதிகம் தருபவற்றை, எடுத்துக்கொள்கிறேன்: மார்ஷல் ஜேசிஎம்800 2203, மேசா பூகி டூயல் ரெக்டிஃபையர், பீவி 5150. கடைசியில் சொன்னதுதான் பின்னாளில் 6505 என்ற பெயரில் வந்தது. உங்களிடம் இருப்பது வேறு ஆம்பாக இருந்தாலும், கம்ப்யூட்டரில் ஓடும் பிளகினாக இருந்தாலும் முறை ஒன்றுதான். பிளகின்காரர்கள் மின்சாரம், கேபினெட் பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு கிட்டார், புது ஸ்ட்ரிங்ஸ், ஒரே ஒரு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), ஒரு மைக் (ஷ்யூர் எஸ்எம்57 போதும்), ஹை-இசட் இன்புட் (கிட்டாரை நேராகச் செருகும் துளை) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ரீஆம்ப் பாக்ஸ் (பதிவு செய்த கிட்டார் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புவது), தடிமனான ஸ்பீக்கர் கேபிள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும்.

மறந்துவிடுவது மற்றவைதான்: ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப், அளப்பதற்கு ஸ்கேல், நாப் நிலைகளைப் படமெடுக்க போன், காதுக்கு அடைப்பான், பொறுமையான ஒரு நண்பர். நண்பர் எதற்கு என்பது 10-ஆம் பகுதியில் தெரியும். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மணிக்கணக்கில் வாடகை கட்டும் ஜாம் ரூமில் இரண்டு மணி நேரத்தில் மூன்று ஆம்பையும் முடித்துவிடலாம் என்று போனால் மூன்றாவது ஆம்புக்கு அநியாயம் நடக்கும், எப்போதும் மூன்றாவதுக்குத்தான்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எந்த ஆம்ப் நல்லது?" என்பதற்குப் பதில் கிடையாது. "டிராப் டி டியூனிங்கில் வேகமான பாம் மியூட் ரிஃப், இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ் நடுவில் எது தெளிவாகக் கேட்கிறது?" என்பதற்குப் பதில் உண்டு. (டிராப் டி என்பது கீழ் ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்குவது, பாம் மியூட் என்பது உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கைப் பாதி அடக்கி அடிப்பது.) உங்கள் கேள்வி லீட் பற்றியதாக இருக்கலாம், மேடையில் கிட்டார் வால்யூமைக் குறைத்து கிளீனாக்குவது பற்றியதாக இருக்கலாம். எதுவானாலும் பேப்பரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மதியம் மூன்று மணிக்குக் காது களைத்துப்போய், "என்ன தேடினோம்?" என்று முழிக்கும்போது அந்தப் பேப்பர் உதவும்.

3. ஆம்பைத் தொடும் முன் கிட்டாரைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்

இதுதான் முதல் உண்மையான வேலை. கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸின் ஹை-இசட் இன்புட்டில் செருகி, எந்த எஃபெக்டும் இல்லாமல் வெறும் கிட்டார் சிக்னலைப் பதிவு செய்யுங்கள். டிஐ என்று சொல்வது இதைத்தான். மூன்று ஆம்புக்கும் இந்த ஒரே பதிவைத்தான் அனுப்பப் போகிறோம்.

ஏன் நேரடியாக வாசித்து ஒப்பிடக் கூடாது? உங்கள் கை ஏமாற்றும். ஆம்ப் இறுக்கமாக இருந்தால் கை மெதுவாக அடிக்கும், தளர்வாக இருந்தால் உள்ளங்கை தானாகவே பிரிட்ஜில் அழுத்தமாக உட்காரும். பத்து வினாடியில் உங்களை அறியாமலே ஆம்புக்கு ஏற்ற மாதிரி வாசிப்பை மாற்றிவிடுவீர்கள். அப்புறம் ஒப்பிடுவது ஆம்பையா, வாசிப்பையா?

என்ன வாசிக்க வேண்டும்? ஒன்றரை நிமிடம் போதும், ஆனால் அதற்குள் இத்தனையும் வர வேண்டும்: கீழ் ஸ்ட்ரிங்கில் தனித்தனி பாம் மியூட் அடி, நடுவில் இடைவெளி விட்டு, வேகமான பாம் மியூட் ஓட்டம், நீளமாக ஒலிக்கவிட்ட ஒரு பவர் கார்ட், முழு மேஜர், மைனர் கார்டுகள், மேல் ஸ்ட்ரிங்குகளில் ஒரு லீட் வரி, கிட்டார் வால்யூமைப் பாதியாகக் குறைத்து அதே ரிஃப், கடைசியில் ஐந்து வினாடி அமைதி. பாம் மியூட் பேஸைக் காட்டும். முழு கார்ட் தெளிவைக் காட்டும், ஏனென்றால் டிஸ்டார்ஷனில் முதலில் குழம்புவது மூன்றாம் சுரம் உள்ள கார்டுதான். அமைதி இரைச்சலைக் காட்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, பதிவு அளவை உச்சத்துக்கு ஏற்றி கிளிப் ஆக்குவது, அதாவது அளவு மீறி ஒலியை உடையவிடுவது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் -12 டெசிபெல் பக்கம் இருந்தாலே போதும், ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. இன்னொன்று, நாய்ஸ் கேட்டை (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) போட்டுப் பதிவு செய்வது. இரைச்சலை ஒப்பிடும் வாய்ப்பு அதோடு போய்விடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூன் பாருங்கள். கிளீன் சத்தத்தில் மன்னிக்கப்படும் சின்ன அபசுரம் ஹை கெயினில் அடிதடியாகக் கேட்கும்.

4. மின்சாரம், ஓம், சூடு

இதைத் தாண்டிப் போகாதீர்கள், பணம் போகும் இடம் இதுதான்.

நம்மூர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கும், பின்பக்கத்தைப் படிக்காமல் செருகாதீர்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதானால், 100 வாட் ஆம்ப் என்பதால் 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று நினைப்பதும் தவறு. 100 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போவது. சுவரிலிருந்து இழுப்பது அதைப் போல சில மடங்கு. பின் தகட்டில் எழுதியிருக்கும்.

வால்வ் (டியூப்) ஆம்பை ஸ்பீக்கரோ, ஸ்பீக்கருக்குப் பதில் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். கேபினெட் 8 ஓம் என்றால் மூன்று ஆம்பும் 8 ஓமில் இருக்க வேண்டும். ஆம்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், முதல் முறை மட்டும் அல்ல. ஆம்ப் தலைக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) கேபினெட்டுக்கும் நடுவில் கிட்டார் கேபிளைப் போட்டுவிட்டு "சத்தம் வருகிறதே" என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வரும், கேபிள் சூடாகி ஷார்ட் ஆகும் வரைக்கும் வரும்.

ஆன் செய்து இருபது நிமிடம் விடுங்கள். குளிர்ந்த ஆம்பையும் சூடேறிய ஆம்பையும் ஒப்பிடாமல் இருக்கத்தான்.

5. ரீஆம்ப் அளவைச் சரிசெய்தல்

பதிவு செய்த டிஐயை இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து நேரே ஆம்புக்கு அனுப்பினால், கிட்டார் அனுப்புவதைவிடப் பலமான சிக்னல் போகும், இம்பீடன்ஸும் (ஓமில் அளக்கும் மின்தடை) வேறாக இருக்கும். அதற்குத்தான் ரீஆம்ப் பாக்ஸ். ஆனால் பாக்ஸ் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். அதன் லெவல் நாபை எங்கே வைப்பது?

நான் செய்வது: ஏதாவது ஒரு ஆம்பில் கெயினை நன்றாகக் குறைத்து, கிளீனாக ஒலிக்கும்படி வைக்கிறேன். கிட்டாரை நேரே செருகி ஒரு ஓபன் ஸ்ட்ரிங்கை ஒரே பலத்தில் பத்து முறை அடித்து மைக் மீட்டரைப் பார்க்கிறேன். அப்புறம் அதே பத்து அடியை டிஐயாகப் பதிவு செய்து ரீஆம்ப் வழியாக அனுப்புகிறேன். மீட்டர் முன்பு காட்டிய அதே இடத்துக்கு வரும்வரை ரீஆம்ப் பாக்ஸ் நாபைத் திருப்பி, வந்ததும் மேலே டேப் ஒட்டிவிடுகிறேன். சோதனையைக் கிளீனில் செய்வதற்குக் காரணம், ஹை கெயினில் உள்ளே போகும் அளவு மாறினாலும் வெளியே வரும் சத்தம் பெரிதாக மாறாது. டிஸ்டார்ஷன்தான் மாறும், மீட்டர் அதைக் காட்டாது. 6 டெசிபெல் தப்பாக அனுப்பினால் அது கெயின் நாபைத் தாராளமாகத் திருப்பியதற்குச் சமம்.

6. கேபினெட்டும் மைக்கும்: நட்டு வைத்துவிட்டுத் தொடாதீர்கள்

ஆம்ப் தலையை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரிது. இதைச் சொன்னால் ஆம்புக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்களுக்குக் கோபம் வரும். செலஸ்டியன் விண்டேஜ் 30 மேல் மிட்டில் எடுப்பாகக் குரைக்கும். மார்ஷல் 1960ஏ கேபினெட்டில் வரும் ஜி12டி-75 நடுவில் குழிந்து, மேலும் கீழும் தூக்கி ஒலிக்கும். ரெக்டிஃபையரை மேசா கேபினெட்டிலும் 2203-ஐ மார்ஷல் கேபினெட்டிலும் கேட்டுவிட்டு ஆம்ப்களைப் பற்றித் தீர்ப்பு சொல்பவர், உண்மையில் ஸ்பீக்கர்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஆகவே ஒரே கேபினெட், அதில் ஒரே ஸ்பீக்கர். நான்கு ஸ்பீக்கர் இருந்தால் நான்கும் ஒரே மாதிரி ஒலிக்காது, கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து டேப்பால் குறியிடுங்கள். மைக்கை அந்த ஸ்பீக்கரின் நடு மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, நேராகப் பார்த்தபடி வையுங்கள். நடுவுக்குப் போகப் போகக் கூர்மை ஏறும், வெளியே போகப் போக மங்கும். எங்கே வைப்பது என்பது உங்கள் ருசி. நகர்த்தாமல் இருப்பதுதான் விதி.

மைக் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று ஆம்பையும் பதிவு செய்துவிட்டு, "இரண்டாவது ஆம்ப் ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது?" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டால் மைக் ஒரு விரல் அகலம் வெளியே நகர்ந்திருந்தது. ஆம்பைத் தூக்கும்போது யாருடைய காலோ தட்டியிருக்கிறது. அந்த விரல் அகலம் அந்த ஆம்பையே மந்தமானது என்று சொல்லவைத்துவிட்டது. அன்றைக்கு எடுத்தது எல்லாம் குப்பை. அதனால் இப்போது ஆம்பை மாற்றியதும் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். அதோடு முதல் ஆம்பைக் கடைசியில் மறுபடி ஒருமுறை பதிவு செய்கிறேன். இரண்டு பதிவும் ஒன்றுபோல இருந்தால் நடுவில் எதுவும் நகரவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் சத்தம் போட முடியாதென்றால் லோட் பாக்ஸும் ஐஆரும் (கேபினெட், மைக் ஒலியைப் பிரதி எடுத்த கோப்பு) போதும், எல்லா ஆம்புக்கும் ஒரே ஐஆர். ஆனால் லோட் பாக்ஸ் ரியாக்டிவ் வகையாக இருக்கட்டும். உண்மையான ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே கோடாக இருக்காது, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடும், மேலே போகப் போக ஏற்றமும் இருக்கும். வால்வ் பவர் ஆம்ப் (ஆம்பில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) அதற்கேற்ப நடந்துகொள்ளும். வெறும் ரெசிஸ்டர் லோடில் அந்தக் குணம் தட்டையாகிவிடும். ரெக்டிஃபையருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம், காரணம் அடுத்த பகுதியில்.

7. நாப்கள்: எல்லாவற்றையும் நடுவில் வைப்பது நியாயம் அல்ல

"மூன்றிலும் எல்லாமே ஐந்தில் வைத்தேன், அதனால் நியாயமான ஒப்பீடு" என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். நாபில் எழுதியிருக்கும் 5 என்பது ஒரு எண் மட்டும்தான். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் எந்த வளைவில் ஏறுகிறது, அதற்குப் பின்னால் எத்தனை கெயின் ஸ்டேஜ் இருக்கிறது என்பதெல்லாம் ஆம்புக்கு ஆம்ப் வேறு. 5150-ன் லீட் சேனலில் கெயின் 5 என்றால் வழிந்து ஓடும். 2203-ல் 5 என்பது பழைய ஹார்ட் ராக்.

டோன் நாப்களும் அப்படித்தான். இந்த மூன்று ஆம்பிலும் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் பழைய பாஸிவ் சர்க்யூட். நடுவில் வைத்தால் சமமான ஒலி வராது, மிட் குழிந்திருக்கும். மிட்டை முழுதாகத் திறந்து மற்ற இரண்டையும் வெகுவாகக் குறைத்தால்தான் ஓரளவு சமம்.

வரிசை இது. முதலில் கெயின். உங்கள் டிஐயின் பாம் மியூட் பகுதியை மட்டும் லூப்பில் ஓடவிட்டு, கெயினைக் கீழிருந்து ஏற்றுங்கள். அடிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி நிரம்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள். மூன்று ஆம்பிலும் இதே அடையாளம், நாப் எண் எதுவாக இருந்தாலும் சரி. சரிபார்க்க ஒரு வழி: ரெக்கார்டிங் மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் உச்ச அளவுக்கும் சராசரி அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டிஸ்டார்ஷன் ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். ஒரு ஆம்ப் மட்டும் மிகவும் சுருங்கி நின்றால் அதற்குக் கெயின் அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்து மிட், அப்புறம் பேஸ், அப்புறம் ட்ரெபிள், கடைசியில் பிரெசென்ஸ் (பவர் ஆம்பில் மேல் அதிர்வெண்களைத் தூக்கும் நாப்). மிட்டை முதலில் வைப்பது ஏனென்றால் பேண்டுக்குள் கிட்டார் கேட்கும் இடம் அதுதான். ட்ரெபிளை முதலில் வைத்தால் மற்றவை எல்லாம் அதற்கு எதிராகச் சண்டை போடும். ஆம்புக்கு இருபது நிமிடம் என்று கடிகாரம் வையுங்கள். உங்களுக்குப் பழகிய ஆம்புக்கு ஒரு மணி நேரமும் புதியதற்கு ஐந்து நிமிடமும் கொடுத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு ஆம்பிலும் ஒரு சுவிட்சோ நாபோ ஒப்பீட்டைக் கெடுக்கக் காத்திருக்கும். 5150-ல் அது ரெசொனன்ஸ் நாப். பவர் ஆம்பின் நெகட்டிவ் ஃபீட்பேக்கில் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி ஆம்பைக் கட்டுக்குள் வைப்பது) கீழ் பகுதியைத் தளர்த்துகிறது. 2203-ல் இப்படி ஒன்று கிடையாது. அதை ஏற்றி வைத்துவிட்டு "மார்ஷலில் அடி இல்லை" என்று சொல்லாதீர்கள். ரெக்டிஃபையரில் அது மாடர்ன் மோடு. அதில் நெகட்டிவ் ஃபீட்பேக்கே விலகிவிடுகிறது, அதனால் பவர் ஆம்ப் ஸ்பீக்கரின் பிடிக்குள் போய் கீழும் மேலும் வீங்குகிறது. அந்த ஆம்பின் பெரிய, தளதளவென்ற அடி பாதி அங்கிருந்துதான் வருகிறது. மாடர்ன் ஒன்று, விண்டேஜ் ஒன்று என்று இரண்டாகப் பதிவு செய்யுங்கள், அவை இரண்டு ஆம்ப் மாதிரி. பின்னால் இருக்கும் டியூப், டயோட் ரெக்டிஃபையர் சுவிட்ச் பற்றி நிறையப் பேசுவார்கள். பவர் ஆம்ப் நன்றாக உழைக்கும் அளவுக்குச் சத்தம் வைக்காவிட்டால் அதில் பெரிதாக எதுவும் நடக்காது. டயோடில் விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாப்களை வைத்து முடித்ததும் போட்டோ. ஞாபகத்தை நம்பாதீர்கள்.

8. பூஸ்ட் இல்லாமல் ஒன்று, பூஸ்டோடு ஒன்று

மெட்டல் வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்றை வைப்பார்கள், டிரைவ் பூஜ்யம், லெவல் உயரத்தில். இது கெயினுக்காக அல்ல. அந்தப் பெடல் கீழ் அதிர்வெண்களைக் குறைத்து 700 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே மிட்டைத் தூக்கி அனுப்புகிறது. இந்த மூன்று ஆம்பிலும் டோன் நாப்கள் ப்ரீஆம்ப் (ஆம்பின் முன் பகுதி) கெயின் ஸ்டேஜ்களுக்குப் பிறகுதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பேஸ் நாபைக் குறைத்தால் ஏற்கெனவே குழம்பி முடிந்த பேஸின் அளவுதான் குறையும். குழப்பமே வராமல் தடுக்க வேண்டுமானால் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைக்க வேண்டும். குழம்பில் உப்பைப் போட்டுக் கொதிக்கவிட்ட பிறகு தண்ணீர் ஊற்றுவதற்கும், முதலிலேயே அளந்து போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ரெக்டிஃபையரில் பூஸ்ட் போட்டால் வேறு ஆம்பே வந்த மாதிரி இருக்கும். 2203-க்கு நவீன மெட்டல் வேண்டுமென்றால் பூஸ்ட் கட்டாயம். 5150-ல் மாற்றம் சிறியது, ஆனால் வேகமான ரிஃபில் தெரியும். ஒரே பெடல், ஒரே நிலை, மூன்றுக்கும். ஒன்றுக்கு மட்டும் பூஸ்ட் வைத்து ஒப்பிடுவது, இது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் மோசடி.

9. பதிவும், சத்தத்தைச் சமன் செய்வதும்

அறையில் மூன்று ஆம்பும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருக்கட்டும். கேபினெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, போன் ஆப் காட்டும் எண் போதும். துல்லியம் தேவையில்லை, மூன்றிலும் ஒரே எண் வந்தால் சரி. ஸ்பீக்கர் மெதுவாக ஓடும்போது ஒரு மாதிரியும் பலமாக ஓடும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும், அதற்காகத்தான் இது. காதடைப்பானை மறக்காதீர்கள்.

பதிவு செய்த பிறகு கம்ப்யூட்டரில் நுணுக்கமான சமன். ஒவ்வொரு பதிவின் எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவையும் எடுத்து, மிகவும் மெதுவான பதிவின் அளவுக்கு மற்றவற்றைக் குறையுங்கள். 0.2 டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். சத்தம் ஒரு டெசிபெல் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "பேஸ் நன்றாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது" என்று சொல்லும்.

இதிலும் ஒரு பொடி விஷயம். எல்யுஎஃப்எஸ் கணக்கு மேல் அதிர்வெண்களுக்குக் கூடுதல் எடை போடுகிறது. சீறல் அதிகமான ஆம்பை அது சத்தமானது என்று எண்ணும், நீங்கள் அதைத் தேவைக்கு மேல் குறைத்துவிடுவீர்கள். ஆகவே மீட்டரில் சமன் செய்தபின் மெதுவான சத்தத்தில் ஒருமுறை, பலமான சத்தத்தில் ஒருமுறை காதாலும் பாருங்கள். இரண்டிலும் ஒன்று தனியாகத் துருத்தினால் கால் டெசிபெல், அரை டெசிபெல் கையால் திருத்தலாம். அதற்கு மேல் திருத்தத் தோன்றினால் அது சத்தம் அல்ல, உங்கள் விருப்பம்.

10. எது எது என்று தெரியாமல் கேளுங்கள்

நண்பரின் வேலை இங்கே. கோப்புகளுக்கு அவர் அ, ஆ, இ என்று பெயர் மாற்றட்டும், எது எது என்பது அவர் பையில் இருக்கட்டும். துண்டுகள் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், ஒலியின் நுணுக்கம் நினைவில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. பாம் மியூட் பகுதியை மூன்றிலும் கேளுங்கள், அப்புறம் கார்ட் பகுதியை மூன்றிலும். முழுப் பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது வீண்.

கேட்கும்போது "நல்லா இருக்கு" என்று எழுதாதீர்கள். எங்கே என்ன என்று எழுதுங்கள்: 100 ஹெர்ட்ஸ் பக்கம் அடி சட்டென்று நிற்கிறதா, இழுக்கிறதா, 200 முதல் 400-க்குள் சகதி இருக்கிறதா, 2 முதல் 4 ஆயிரத்தில் பிக் அடிக்கும் சத்தம் கேட்கிறதா, 6 ஆயிரத்துக்கு மேல் தேனீக்கூடு மாதிரி சீறுகிறதா.

இரண்டு ஆம்ப்கள் மிக நெருக்கமாக இருந்தால் ஏபிஎக்ஸ் செய்யுங்கள். நண்பர் ஏதோ ஒன்றைப் போடுவார், அது அ-வா ஆ-வா என்று நீங்கள் சொல்ல வேண்டும், பத்து முறை. பத்தில் ஏழு சரியாகச் சொன்னால் பெருமைப்பட வேண்டாம். நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொல்பவருக்கும் ஏழோ அதற்கு மேலோ வர ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்பது சரி என்றால் தற்செயலாக வர நூற்றில் ஒன்றுதான். முதல் தடவை எனக்கு ஆறு வந்தது, அதுவும் கண் தெரியாமல் அடையாளம் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த இரண்டு ஆம்ப்களுக்கு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். காது களைத்ததும் மேல் அதிர்வெண் கேட்பது மங்கும், கூர்மையான ஆம்பெல்லாம் திடீரென்று இனிமையாகிவிடும்.

11. பேண்டுக்குள் போட்டுக் கேளுங்கள்

தனியாகக் கேட்கும்போது ஜெயித்த டோன் பேண்டில் தோற்பது சர்வசாதாரணம். தனியாக இருக்கும்போது பேஸ் நிறைந்த, மிட் குழிந்த ஒலி பெரிதாகத் தெரியும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் வந்ததும் கீழே இடமில்லை, நடுவில் கிட்டார் இல்லை, மிஞ்சுவது சீறல் மட்டும்.

ஏதாவது ஒரு டிரம்ஸ், பேஸ் டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டிஐயை இன்னொரு முறை தனியாக வாசித்துப் பதிவு செய்து, இடம் வலமாக இரண்டு கிட்டார் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில்தான் ஒலிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு வெட்டு மட்டும் போடலாம், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. வேறு ஈக்யூ வேண்டாம்.

இப்போது 2-ஆம் பகுதியில் எழுதி ஒட்டிய வரியைப் படித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அப்புறம்தான் நண்பர் பையிலிருந்து பெயர்களை எடுக்க வேண்டும், அதற்கு முன் கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது.

12. கடைசியாகக் கையில் எடுத்து வாசியுங்கள்

டிஐ காட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது: வாசிக்கும்போது கைக்கு எப்படி இருக்கிறது. டோனும் ஃபீலும் வேறு வேறு என்பதால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். முதலில் வாசித்திருந்தால் 10-ஆம் பகுதியில் எது எது என்று உங்கள் கையே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம். மெதுவாக அடித்தால் அடங்குகிறதா, பலமாக அடித்தால் திருப்பித் தருகிறதா பாருங்கள். கிட்டார் வால்யூமை 10-லிருந்து 4-க்குக் குறையுங்கள்: 2203 அழகாகக் கிளீன் பக்கம் வந்துவிடும், 5150-ன் லீட் சேனல் அப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவில் பெடலை மிதிக்காமல் கையாலேயே டைனமிக்ஸ் காட்டுபவருக்கு இந்த ஒன்றே மற்ற எல்லா மதிப்பெண்ணையும் கவிழ்த்துவிடலாம். அப்புறம் வாசிப்பதை நிறுத்தி, ஸ்ட்ரிங்கைக் கையால் அடக்கி, கெயின் இருக்கும் இடத்திலேயே விட்டு இரைச்சலைக் கேளுங்கள். கேட் போடாமல் மேடையில் தாங்க முடியுமா என்பதையும் அந்த ஆம்பின் போட்டோவுக்குக் கீழேயே குறித்துவிட்டு, பவரை அணையுங்கள்.